குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர் மறுபடியும் எடுக்க வேண்டுமா?

தேவையில்லை. இந்தக் கேள்வி பெரும்பாலும் தானாக வராது. "நீங்கள் பெற்றது ஞானஸ்நானமே இல்லை" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள்.

வேலைக்காக இடம் மாறியபோது ஒரு சபையில் சேர்ந்தேன். பாடகர் குழுவில் இருந்தேன், ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்தேன். அப்புறம் புதிதாக வந்த பாஸ்டர், பெரியவராகி தண்ணீரில் முழுவதும் மூழ்கி எடுக்கும் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்காதவர்களுக்கு இனி திருவிருந்து கிடையாது என்றார். தனியாகப் போய்ப் பேசினேன். "உங்கள் அப்பா அம்மா தலையை நனைத்தார்கள், அவ்வளவுதான்" என்றார்.

அப்பா என் ஞானஸ்நானத்தன்று ஆலயத்தில் கொடுத்த வாக்கைக் கடைசி வரை காப்பாற்றியவர். இரவில் வேதம் வாசித்து, என் பெயரைச் சொல்லி ஜெபித்த பிறகுதான் படுப்பார். வளர்ந்த பிறகு நடந்த திடப்படுத்தல் ஆராதனை நாளில் அதே விசுவாசத்தை நானே சபைக்கு முன் அறிக்கையிட்டேன். இத்தனையையும் ஒரே வாக்கியத்தில் ஒன்றுமில்லை என்று சொல்ல அந்த பாஸ்டருக்கு என்ன உரிமை?

மறுபடி எடுக்கலாம் என்பதற்கு அவர் காட்டியது அப்போஸ்தலர் 19. எபேசுவில் சீஷர்கள் மறுபடி ஞானஸ்நானம் பெற்றது உண்மைதான். ஆனால் முன்பு அவர்கள் பெற்றது யோவானின் ஞானஸ்நானம், இயேசுவின் நாமத்தில் பெற்றதல்ல. நான் 16-ஆம் அதிகாரத்தைக் காட்டினேன்: லீதியாளும் அவள் வீட்டாரும், சிறைச்சாலைக்காரனும் அவன் வீட்டாரும். அங்கே கைக்குழந்தை இருந்ததாக எழுதியிருக்கிறதா என்றார். இல்லை. இருக்கவில்லை என்றும் எழுதவில்லை.

கி.பி. 200 வாக்கிலேயே ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க அவசரப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். அப்படியென்றால் அப்போதே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னை உறுதியாக நிற்க வைத்தது, தகுதியற்ற குருக்கள் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்ற தொனாத்திஸ்டு பிரிவினருக்கு ஆதிச் சபையின் ஆயர் அகஸ்டின் சொன்ன பதில்: ஞானஸ்நானம் கிறிஸ்துவுடையது, கொடுப்பவரின் தகுதியைப் பொறுத்ததல்ல. பெறுகிற பிள்ளையின் நினைவையும் அது பொறுத்ததல்ல என்பது என் விசுவாசம். 'ஒரே கர்த்தரும், ஒரே விசுவாசமும், ஒரே ஞானஸ்நானமும்' என்று எபேசியர் 4:5-ல் இருப்பதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சகோதரர்கள் கோபப்பட வேண்டாம். உங்களைப் பொறுத்தவரை விசுவாசித்த பிறகு எடுப்பதுதான் முதல் ஞானஸ்நானம் என்பது எனக்குத் தெரியும். 1527-ல் சூரிச் நகர மன்றம், மறுஞானஸ்நானத்துக்காக பெலிக்ஸ் மான்ஸை லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. குழந்தை ஞானஸ்நானத்தின் பக்கம் நின்றவர்கள் செய்த கொடுமை அது, மறைக்க மாட்டேன். மனசாட்சிப்படி எடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அடுத்தவர் பெற்றதை மிதிக்காதீர்கள் என்கிறேன்.

   

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஞானஸ்நானம் பெற்றீர்களா என்பதே சந்தேகமென்றால் ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் தெரியாவிட்டால், 'நீ முன்பே ஞானஸ்நானம் பெறாதிருந்தால்' என்ற நிபந்தனையோடு கொடுக்கும் முறை கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் சபைகளில் உண்டு. பெற்றது நிச்சயம், விசுவாசம்தான் இப்போது உயிர்பெற்றிருக்கிறது என்றால், ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்க வேண்டும் என்று உங்கள் போதகரிடம் கேளுங்கள்.