அமெரிக்க அதிபர் படுகொலைப் படங்களை எவ்வளவு நம்பலாம்? ஒரு கல்யாண வீடியோ எடிட்டரின் பதில்

கேள்வி: கென்னடி, லிங்கன் போன்ற அமெரிக்க அதிபர்களின் படுகொலை பற்றி வந்த படங்களும் ஆவணப்படங்களும் எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை? எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

நான் வரலாறு படித்தவன் இல்லை. பதினாறு வருடமாகக் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைப்பவன். ஆனால் இந்தக் கேள்விக்கு என் தொழிலிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு முகூர்த்தத்தில் எங்கள் கேமராமேன் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தபோது தாலி கட்டி முடிந்துவிட்டது. நாத்தனார் போட்ட மூன்றாவது முடிச்சு மட்டும்தான் எங்களிடம் இருந்தது. என்ன செய்வது? யாரோ ஒருவர் விரலை ஆட்டிக் கெட்டிமேளம் கேட்கும் ஷாட், தவில், பறக்கும் அட்சதை, கண்ணைத் துடைக்கும் பாட்டி, கடைசியில் அந்த மூன்றாவது முடிச்சு என்று அடுக்கிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டு, "தாலி கட்டுறது எவ்வளவு தெளிவா வந்திருக்கு தம்பி" என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பாக்கிப் பணமும் வந்துவிட்டது.

கென்னடி கொலை பற்றி ஆலிவர் ஸ்டோன் 1991ல் எடுத்த 'ஜேஎஃப்கே' படத்தை நான் பார்த்ததும் எடிட்டிங்குக்காகத்தான். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படம் எடிட்டிங், ஒளிப்பதிவு இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கியது. தகுதியான விருது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படம் முடிந்தபோது, கென்னடியைச் சுட்டதாகக் கைதான லீ ஹார்வி ஆஸ்வால்ட் அப்பாவி என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லாமல் போனது. அதற்கப்புறம் ஆறேழு வருடம் டீக்கடையில் யார் கிடைத்தாலும், அரசாங்க விசாரணைக் கமிஷன் சொன்னதுபோல் ஒரே தோட்டா எப்படிக் காற்றில் வளைந்து வளைந்து கென்னடியையும் முன்னால் இருந்த டெக்சாஸ் கவர்னர் கானலியையும் துளைத்திருக்க முடியும் என்று கையை ஆட்டி விளக்கியிருக்கிறேன். அவர்கள் கேட்காவிட்டாலும்.

அந்தக் கையாட்டல் படத்தின் நீதிமன்றக் காட்சியிலிருந்து வந்தது. நியூ ஆர்லியன்ஸ் அரசு வழக்கறிஞர் ஜிம் கேரிசனாக வரும் கெவின் காஸ்ட்னர், இரண்டு பேரை ஒருவர் பின் ஒருவராக நாற்காலியில் உட்காரவைத்து, தோட்டா போன வழியைக் குச்சியால் காட்டுவார். நேராக வந்த தோட்டா நடுவழியில் திரும்பினால்தான் கணக்கு சரியாகும். பார்ப்பவன் சிரித்துவிடுவான். ஆனால் உண்மையான காரில் கானலி உட்கார்ந்திருந்தது மடக்கு இருக்கையில். அது கென்னடியின் இருக்கையைவிடச் சில அங்குலம் தாழ்வு, கொஞ்சம் உள்ளே தள்ளியும் இருந்தது. நாற்காலியை அந்த இடத்துக்கு நகர்த்தி வைத்துப் பார்த்தால் தோட்டா வளைய வேண்டிய அவசியமே இல்லை. இதைப் படித்த அன்று எனக்கு அந்தப் பாட்டிதான் ஞாபகத்துக்கு வந்தார்.

அந்தப் படத்தின் சாமர்த்தியம் நாற்காலியோடு நிற்கவில்லை. 1963ன் நிஜக் காட்சிகளுக்கு நடுவே, ஸ்டோன் குழு தாங்களே எடுத்த கறுப்பு வெள்ளைக் காட்சிகளையும், வீட்டுக் கேமராவில் எடுத்ததுபோல் கிரெயின் தெரியும் காட்சிகளையும் செருகியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஓரிரு நொடிதான். எது பழைய ஃபிலிம், எது புதிதாக எடுத்தது என்று பிரிக்க நான் ரிமோட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், பல இடங்களில் தோற்றேன். தொழில்காரனுக்கே இந்தக் கதி. சதியில் சேர்ந்ததாகச் சொல்லப்படும் டேவிட் ஃபெர்ரி ஓட்டல் அறையில் உளறிக் கொட்டும் காட்சி படத்தின் உச்சங்களில் ஒன்று. நிஜ ஃபெர்ரி எதையும் ஒப்புக்கொள்ளாமல் 1967ல் செத்துப்போனார். கேரிசன் குற்றம் சாட்டிய கிளே ஷாவை 1969ல் ஜூரிகள் ஒரு மணி நேரத்துக்குள் விடுதலை செய்தார்கள். இதைப் படமும் மறைக்கவில்லை, சொல்கிறது. ஆனால் அதற்குள் நம் மனசு தீர்ப்பு எழுதி முடித்திருக்கும். (ஒரு வேடிக்கை: கேரிசன் வாழ்நாள் முழுக்க எதிர்த்த விசாரணைக் கமிஷனின் தலைவர் ஏர்ல் வாரனாக அந்தப் படத்தில் நடித்திருப்பவர் நிஜ கேரிசன்.)

அதே படம் ஒரு நல்ல காரியமும் செய்தது, அதையும் சொல்ல வேண்டும். நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் கோப்புகள் 2029 வரை பூட்டப்பட்டிருக்கின்றன என்று முடிவில் ஒரு அட்டை போட்டார்கள். ஜனங்கள் கொதித்தார்கள். அடுத்த வருடமே, 1992ல், கென்னடி கொலை ஆவணங்களை வெளியிடத் தனிச் சட்டம் வந்தது. இன்று அந்தத் தொகுப்பில் 50 லட்சம் பக்கங்களுக்கு மேல் இருக்கின்றன. ஒரு சினிமா இப்படி அரசாங்க பீரோவைத் திறக்க வைத்ததாக எனக்கு வேறு உதாரணம் தெரியாது.

சரி, நிஜக் காட்சி என்று சொன்னேனே, அதற்கு வருவோம். டல்லாஸில் பெண்களுக்கான உடுப்பு தைத்து விற்கும் கம்பெனி நடத்தியவர் ஏப்ரகாம் சப்ரூடர். 1963 நவம்பர் 22 காலையில் கேமராவை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர், திரும்பப் போய் எடுத்துவந்தார். ஒரு சிமெண்டுத் திண்டின்மேல் ஏறி நின்றார். அவருக்குத் தலைசுற்றல் உண்டு என்பதால் அலுவலகப் பெண் ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். 8 எம்எம் கலர் ஃபிலிம், ஒலி கிடையாது. மொத்தம் 486 ஃபிரேம், 27 நொடிகூட இல்லை. கென்னடியின் தலையில் குண்டு பாய்வது 313வது ஃபிரேம்.

இதில் என்னைப் போன்றவனுக்கு வயிறு எரியும் விஷயம் ஒன்று இருக்கிறது. கென்னடி முதலில் அடிபடும் அந்த ஒரு நொடியில் கார் ஒரு சாலை அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் இருக்கிறது. பலகையைத் தாண்டி வரும்போது அவர் கைகள் கழுத்தருகே ஏறிவிட்டன. அரை நூற்றாண்டுச் சண்டையில் பாதி அந்தப் பலகைக்குப் பின்னால்தான் நடக்கிறது. எந்த முகூர்த்தத்திலும் சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு தாய்மாமன் கேமராவுக்குக் குறுக்கே வந்து நிற்பார், அந்த மாதிரி.

'லைஃப்' பத்திரிகை 1,50,000 டாலருக்கு ஃபிலிமை வாங்கியது. அதில் 25,000 டாலரை, அன்றே சுட்டுக் கொல்லப்பட்ட போலீஸ்காரர் டிப்பிட்டின் மனைவிக்காகக் கொடுத்துவிட்டார் சப்ரூடர். 313வது ஃபிரேமை அச்சிடக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். பத்திரிகை சில ஃபிரேம்களை மட்டும் போட்டது. ஓடும் படமாக அதை அமெரிக்க மக்கள் தொலைக்காட்சியில் பார்த்தது 1975 மார்ச்சில்தான். பன்னிரண்டு வருடம்போல அது பெட்டிக்குள்ளேயே இருந்தது. இடைப்பட்ட காலத்தில், அதைப் பார்த்தவர்கள் சொன்னதுதான் மற்றவர்களுக்குச் சாட்சி. கொலை நடந்த சில நாளில் அதைப் பார்த்த செய்தியாளர் டேன் ராதர், தலை வேகமாக முன்னால் சாய்ந்ததாக ஒலிபரப்பில் சொன்னார். திரையில் கண்ணுக்குத் தெரிவது பின்னால் சாய்வது, அதனால் முன்னாலிருந்தும் ஒருவன் சுட்டான் என்று வாதம். ஸ்டோன் படத்தில் நீதிமன்றத்தில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவது இதைத்தான். ஒரு விஷயத்தை மறைத்து வைத்தால் சந்தேகம் எப்படிக் குட்டி போடும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும். 1999ல் அந்தச் சின்னச் சுருளுக்காக அரசு சப்ரூடர் குடும்பத்துக்கு 1 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்தது.

நிஜத்தையும் நடிப்பையும் கலக்கும் வித்தையை ஸ்டோன் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். 1901ல் பஃபலோ நகரக் கண்காட்சியில் அதிபர் மெக்கின்லியை லியான் சோல்காஸ் சுட்டான். எடிசன் கம்பெனியின் கேமரா அங்கேதான் இருந்தது, துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு வாசலில் திரண்ட கூட்டத்தைப் படம்பிடித்தது. சோல்காஸை மின்சார நாற்காலியில் உட்காரவைத்த நாளன்று சிறைக்கு வெளியே நிஜமான மதிற்சுவரை எடுத்தார்கள். உள்ளே நடந்ததை நடிகர்களை வைத்து ஸ்டுடியோவில் எடுத்து, இரண்டையும் ஒட்டி விற்றார்கள். முதலில் வெளிச்சுவர், அப்படியே கரைந்து உள்ளே நாற்காலி. என் மூன்றாவது முடிச்சு வேலைக்குக் கொள்ளுத்தாத்தா அது.

லிங்கன் விஷயத்தில் எனக்குப் பிடித்தது ஸ்பீல்பெர்க் 2012ல் 'லிங்கன்' படத்தில் செய்தது. எல்லோரும் லிங்கன் சுடப்பட்ட ஃபோர்டு நாடக அரங்கின் துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திருக்க, அவர் வேறொரு அரங்கில் நாடகம் பார்த்துக்கொண்டிருக்கும் லிங்கனின் கடைசி மகனைக் காட்டுகிறார். மேடையில் ஒருவர் வந்து செய்தி சொல்கிறார், பையன் அலறுகிறான். அவ்வளவுதான். அது போதுமாக இருக்கிறது. கென்னடியின் மனைவியைப் பற்றிய 'ஜாக்கி' (2016) இதற்கு நேரெதிர். இளஞ்சிவப்பு உடுப்பு, கண்ணாடி முன் முகத்திலிருந்து ரத்தத்தைத் துடைப்பது, எல்லாம் மிக நெருக்கத்தில். அதுவும் கனமான படம்தான், ஆனால் இரண்டாவது தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். நேஷனல் ஜியாகிரபிக் 2009ல் வெளியிட்ட 'தி லாஸ்ட் ஜேஎஃப்கே டேப்ஸ்' முதலில். அன்றைய தொலைக்காட்சி, வானொலிப் பதிவுகள் மட்டும்தான், இடையில் விளக்கம் சொல்லும் குரல் கிடையாது. அடுத்து ஸ்டோன் படம், ரிமோட் கையில் இருக்கட்டும். மூன்றாவதாக எரால் மாரிஸின் 'தி அம்பரெல்லா மேன்'. பத்து நிமிடம்கூட இல்லை. வெயில் அடித்த அந்த நண்பகலில், சரியாகக் குண்டு பாய்ந்த இடத்தருகே ஒருவர் மட்டும் கறுப்புக் குடையை விரித்து நின்றார். குடைக்குள் விஷ அம்பு எய்யும் கருவி என்றுகூட ஆராய்ச்சி நடந்தது. 1978ல் அவரே நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் வந்து விளக்கினார்: கென்னடியின் அப்பா லண்டனில் தூதராக இருந்தபோது, ஹிட்லரிடம் பணிந்துபோன பிரதமர் சேம்பர்லினை ஆதரித்தார், சேம்பர்லினின் அடையாளம் குடை, அதனால் மகனுக்குக் குடை காட்டி எரிச்சலூட்ட வந்தேன் என்று. இப்படி ஒரு காரணத்தை எந்தத் திரைக்கதை ஆசிரியரும் எழுதத் துணியமாட்டார்.

அப்புறம், யூடியூபில் சப்ரூடர் ஃபிலிமைக் கணினியால் 'தெளிவாக்கி', நொடிக்கு 60 ஃபிரேமாக ஓடவிட்டிருப்பார்கள். பளபளவென்று இருக்கும். அவர் கேமரா எடுத்தது நொடிக்குச் சுமார் 18 ஃபிரேம்தான். மீதி 42ஐயும் மென்பொருள் தானாக வரைந்து நிரப்புகிறது. அதைப் பார்த்துவிட்டு, சாலையோர வேலிக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஒருவன் தெரிகிறான் என்று யாராவது சொன்னால், எத்தனையாவது ஃபிரேம் என்று மட்டும் கேளுங்கள்.