மேடையில தேவாரம் சொன்னா அடுத்த வரியையும் பாருங்கோ

கோப்பாய்ப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சனசமூக நிலைய ஆண்டுவிழாவுக்கு வந்த எம்பி ஒருத்தர் "நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்" எண்டு முழங்கி, இதுதான் எங்கட இனத்தின்ர குரல், இந்தக் குரலுக்குத்தான் வோட்டு எண்டு முடிச்சாராம், சனம் ஒரே கைதட்டு, தனக்கு மட்டும் ஏதோ இடிச்சுதாம். உப்பிடிச் சொல்லேக்க சரியோ பிழையோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

தம்பி, இடிச்சது சரிதான். அது அப்பர் பாட்டு, ஆறாம் திருமுறை. பல்லவ ராசா ஆள் அனுப்பிக் கூப்பிட, வரமாட்டன் எண்டு பாடினதா பெரியபுராணம் சொல்லுது, அந்தளவில அது எதிர்ப்புப் பாட்டுத்தான், நான் இல்லையெண்டேல்ல. ஆனா அதே பாட்டு முடியேக்க "கோமாற்கே நாமென்றும் மீளா ஆளாய்" எண்டு வருது. சிவனுக்கு மீளாத அடிமை, அதாலதான் வேற ஒருத்தருக்கும் அடிமையில்லை, விளங்குதே? முதல் வரியோட வெட்டிவிட்டா சிவன் இருந்த கதிரை காலியாகும், அதில கட்சித் தலைவர் வந்து குந்துவார். பாடினவர் உழவாரத்தோட கோயில் வீதியில புல்லுச் செருக்கினவர், இந்த எம்பி முன்னுக்கொரு ஜீப் பின்னுக்கொரு ஜீப்போட வந்தவர், அது வேற கதை.

ரெண்டாவது, சொல்ற ஆளுக்கு அந்த வசனத்தால ஏதும் செலவு இருக்கோ எண்டு பாருங்கோ. 1951இல, உலகப்போர் முடிஞ்சு யப்பானோட சமாதான ஒப்பந்தம் செய்யக் கூடின சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில, இலங்கை அமைச்சரா இருந்த ஜே.ஆர். ஜெயவர்த்தன, பகை பகையால தணியாது எண்டு பவுத்த நூலான தம்மபதத்தில வாற வசனத்தைச் சொல்லி, யப்பானிட்ட நட்டஈடு வேண்டாம் எண்டவர். நாட்டுக்கு வரவேண்டிய காசை விட்டுத்தான் சொன்னவர், அதால அதுக்கு ஒரு கனதி இருந்தது. அதே மனிசன் ஜனாதிபதியா 1983 யூலைக் கலவர நேரம் டீவில கதைக்கேக்க அடிபட்ட தமிழ்ச் சனத்துக்கு ஒரு அனுதாப வார்த்தை சொல்லேல்ல. வெளிநாட்டில வந்த வசனம் வீட்டில வரேல்ல பாருங்கோ. தனக்கு எண்டு சொல்றாரோ, எதிராளிக்கு எறியிறாரோ எண்டு பாத்தாலே பாதி பிடிபடும்.

மிச்சம் லேசு. போனில பாட்டின்ர முதலடியை அடிச்சா முழுப்பாட்டும் வரும், இல்லாட்டி கோயில் ஓதுவாரிட்டக் கேளுங்கோ. எம்பியோட மேடையில சண்டைக்குப் போகாதேங்கோ, பேந்து நிலையத்துக்கு வாற காசும் நிண்டுபோகும். அடுத்த விழாவில நன்றியுரை உங்களிட்ட வந்தா பாட்டை முழுசாப் பாடிப்போட்டு இருங்கோ, அச்சில எட்டு வரிதான்.