தோளில் கேமரா: வாசகர் கேள்விகள்

(புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் இருபது வருடங்களுக்கு மேல் டிவி செய்திக்குப் படம் பிடித்த கேமராமேன் பதில் சொல்கிறார்.)

புயல் மழையில் நிருபர் நின்று கத்துகிறாரே, கேமரா நனையாதா?
- வாசகர், வில்லியனூர்

நனையும். மழைக்கோட்டு முதலில் கேமராவுக்கு, நமக்கு அப்புறம்தான். கோட்டு இல்லாத நாளில் பாலிதீன் பையும் ரப்பர் பேண்டும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, லென்ஸைத் துடைக்க எனக்கு மிச்சமிருந்தது பிஸ்கட் பாக்கெட்டோடு சுருட்டி வைத்திருந்த ஒரு கைக்குட்டை. ஆனால் மழையைவிடப் பெரிய எதிரி ஏசி. ஏசி காரிலிருந்து கடற்கரையில் இறங்கினால் லென்ஸ் பனி மூடிக்கொள்ளும், கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுமே தெரியாது. அதனால் ஊர் நெருங்கியதும் டிரைவர் ஏசியை அணைத்துவிடுவார். நிருபர் வேர்த்து வழிந்து திட்டிக்கொண்டே வருவார்.

இன்டர்நெட் இல்லாத காலத்தில் படம் எப்படிச் சென்னைக்குப் போனது?
- கல்லூரி மாணவி, நெல்லிக்குப்பம்

பஸ்ஸில் போனதும்மா! கேசட்டை உறையில் போட்டு சென்னை வண்டி டிரைவரிடம் கொடுப்போம், வண்டி நம்பரை ஆபீசுக்குப் போனில் சொல்வோம், கோயம்பேட்டில் ஒருவர் காத்திருந்து வாங்கிக்கொள்வார். கடலூரிலிருந்து நாலு மணி நேரமாவது ஆகும். மதியம் நடந்தது ராத்திரிச் செய்தியில் வந்தால் அதுவே வெற்றி. இப்போது முதுகில் ஒரு பெட்டி, அதற்குள் நாலைந்து சிம் கார்டு, எல்லா கம்பெனி சிக்னலையும் சேர்த்து லைவ் அனுப்பிவிடும். ஆனால் பெரிய புயலில் டவரில் கரன்ட் போனால் அந்தப் பெட்டி வெறும் சுமை. குடை ஆன்டெனா வைத்து நேராகச் சாட்டிலைட்டுக்குப் படம் அனுப்பும் ஓபி வேன்தான் கதி. அதுவும் காற்று அடங்கினால்தான் குடையை விரிக்க முடியும்.

ஜனங்கள் தவிக்கும்போது படம் பிடிக்க மனசு வருகிறதா?
- வாசகர், கடலூர் முதுநகர்

நீங்கள் கோபமாகக் கேட்பது தெரிகிறது, கேட்க வேண்டியதுதான். 2004 சுனாமியன்று தேவனாம்பட்டினத்தில் நான் கேமராவை இரண்டு தடவை கீழே வைத்தேன், அதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை. தானே புயலைச் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 காலை கரையைக் கடந்தது, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு கிடந்தன. ஒரு பெரியவர் விழுந்த பலா மரத்தின் மேல் உட்கார்ந்து, மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல அதைத் தட்டிக்கொண்டே, "எங்கப்பா வச்சது தம்பி" என்றார். அழவில்லை. நான் ஸ்டாண்ட் போட்டு நகராமல் ஒரு நிமிஷம் எடுத்தேன். ஆபீசிலிருந்து போன்: "அழுகிற மாதிரி ஒரு விஷுவல் இல்லையா?" இல்லை என்றேன். நாலு செகண்டுதான் போட்டார்கள். கையிலிருந்த கடைசி பேட்டரி அது, ஊரில் கரன்ட் இல்லை, அவரை எடுத்துத் தீர்த்ததற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை. அழச் சொல்லி எடுப்பவர்களும் எங்களில் உண்டு. அவர்களைப் பற்றி உங்கள் கோபம் நியாயம்.

சம்பளம் போதுமா?
- வாசகர், பாகூர்

மாதச் சம்பளக்காரர்கள் சமாளிக்கிறார்கள். மாவட்டத்தில் பலருக்கு செய்திக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. ஒளிபரப்பானால் காசு, இல்லாவிட்டால் பெட்ரோல் நம்முடையது. அதனால்தான் நிறையப் பேர் முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்தில் இருப்பார்கள்.

உங்களை டிவியில் பார்க்கவே முடியாதே, வீட்டில் வருத்தப்பட மாட்டார்களா?
- வாசகி, அரியாங்குப்பம்

வீட்டுக்காரிக்கு அது நிம்மதி. அம்மாவுக்குத்தான் வேறு கணக்கு. புயல் என்றால் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார், நிருபர் சொல்வதைக் கேட்கவே மாட்டார், படம் ஆடுகிறதா என்று மட்டும் பார்ப்பார். ஆடினால் உடனே போன் வரும்: "காத்து தள்ளுது பாரு, எதாவது தூணைப் பிடிச்சுக்கடா."