புத்தாண்டுப் பயணத் தீர்மானம் நடக்க வேண்டுமென்றால், காற்றைப் பார்த்து எடுங்கள்

கேள்வி: ஒவ்வொரு ஜனவரியிலும் "இந்த வருடம் நிறைய ஊர் பார்க்க வேண்டும்" என்று முடிவெடுக்கிறேன். டிசம்பரில் திரும்பிப் பார்த்தால் எங்கும் போயிருக்க மாட்டேன். நடக்கக்கூடிய மாதிரிப் பயணத் தீர்மானம் எடுப்பது எப்படி?

முதலில் அந்த "நிறைய ஊர்" என்பதை விட்டுவிடுங்கள். எந்த மாதம், யாரோடு என்ற இரண்டும் சேர்ந்திருக்கும் தீர்மானம்தான் நடக்கும். நான் திருகோணமலைக்காரி, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். இங்கே மாதத்தைப் பார்க்காமல் பயணம் பற்றிப் பேசவே முடியாது. அதனால் அதைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்லப் போகிறேன்.

ஜனவரி முதலாம் திகதி எங்கள் ஊரில் வாடைக்காற்று. ஒக்டோபர் கடைசியில் பிடிக்கும் மழை தைப்பொங்கல் வரை விட்டு விட்டுப் பெய்யும். நிலாவெளிக் கடல் இரைந்துகொண்டு கிடக்கும், புறாத்தீவுக்குப் படகு விட மாட்டார்கள். தெற்கில் இருந்து புத்தாண்டு லீவுக்குக் கடல் குளிக்க என்று வந்த குடும்பங்கள் உப்புவெளியில் விடுதி வாசலில் குடையோடு நிற்பதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனம் கஷ்டப்படும். காசு சேர்த்து, லீவு கேட்டு, பிள்ளைகளுக்கு ஆசை காட்டிக் கூட்டி வந்தவர்கள் அவர்கள். நல்ல ஊர்தான், மாதம்தான் பிழை.

அதே குடும்பம் சித்திரைக்குப் பிறகு வந்திருந்தால் கடல் குளம் போலக் கிடந்திருக்கும். புறாத்தீவு நிலாவெளிக் கரையில் இருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர்தான். 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். இடுப்பளவு தண்ணீரில் முகத்தை அமிழ்த்தினாலே பவளப்பாறையும் மீன் கூட்டமும் தெரியும். செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் பக்கத்தால் போகும், அவை ஒன்றும் செய்யாது. (தயவு செய்து பவளத்தின் மேல் ஏறி நிற்காதீர்கள், செத்த துண்டு என்றாலும் எடுத்துக்கொண்டு வராதீர்கள்.) திமிங்கிலம் பார்க்கப் படகில் போவதும் இந்த மாதங்களில்தான். துறைமுகத்தை ஒட்டியே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு இருப்பதால் நீலத் திமிங்கிலம் கரைக்குக் கிட்டவே வரும்.

ஆகவே இலங்கையில் இருக்கிறவர்கள் வருடத்தைக் காற்றால் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். கிழக்கில் மழை பெய்யும்போது மலைநாட்டிலும் மேற்கிலும் வெளிப்பு வரத் தொடங்கும். சிவனொளிபாதமலைப் பருவம் மார்கழிப் போயாவில் (போயா என்பது இங்கே லீவு விடும் பௌர்ணமி நாள்) தொடங்கி வைகாசி வெசாக் போயாவோடு முடியும். ஜனவரியில் தீர்மானம் எடுத்து உடனே நிறைவேற்றக்கூடிய பயணம் அது. 2,243 மீற்றர் உயரம், இரவு முழுக்கப் படியேற்றம், விடியச் சூரிய உதயம். எல்லாச் சமயத்துச் சனமும் ஒரே வழியில் ஏறுவதைப் பிள்ளைகள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். மன்னாரில் பூநாரைகள் நிற்பதும் இந்தக் காலத்தில்தான், மார்ச்சுக்குப் பிறகு போனால் வெறும் தண்ணீரைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். நெடுந்தீவுக்கு மாசி, பங்குனி நல்லது. குறிகட்டுவானில் படகு ஏறும்போது வயிற்றைப் பிரட்டாது.

ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அனலாக வீசும். பகலில் எங்கள் ஊருக்குள் அலையாதீர்கள். ஆனால் அதே வெயிலில் மின்னேரியாக் குளம் வற்றிப் புல் முளைக்க, யானைகள் கூட்டம் கூட்டமாக அங்கே வந்து சேரும். திருகோணமலையில் காலையில் வெளிக்கிட்டால் ஹபரணை வழியாகப் போய், பின்னேரம் யானை பார்த்துவிட்டு இரவே வீடு திரும்பலாம். யாழ்ப்பாணம் போக நினைக்கிறவர்கள் நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களுக்குள் போங்கள். கூட்டம்தான், இருந்தாலும் அந்த ஊரை அப்படித்தான் பார்க்க வேண்டும்.

நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலும் காற்றுக்குக் கட்டுப்பட்டதுதான். 2023 ஒக்டோபரில் தொடங்கினார்கள், மழைக்காலம் வந்ததும் நின்றது, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடியது. தமிழ்நாட்டுக்குக் கப்பலில் போவது உங்கள் தீர்மானம் என்றால் கார்த்திகை, மார்கழியை விட்டு வேறு மாதம் குறியுங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். தூர இடங்களை எழுதும் முன் உங்கள் மாவட்டத்தை எழுதுங்கள். எங்கள் தலைமுறைக்கு இது சாதாரண விஷயம் இல்லை. யுத்த காலத்தில் வளர்ந்த திருகோணமலைப் பிள்ளைகளுக்கு வெருகல் என்பது பெரியவர்கள் வாயில் கேட்ட பெயர் மட்டும்தான். மூதூருக்கு லோஞ்சில் போக வேண்டும், கிண்ணியாவுக்குப் "பாதை" என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏற வேண்டும், சோதனைச் சாவடி எப்போது திறக்கும் என்று தெரியாது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். அடுத்த சில வருடங்களில் தெற்கே இருந்த மற்றத் துறைகளிலும் பாலம் வந்தது. இப்போது கடற்கரை வீதியால் மூதூர், வெருகல், வாகரை என்று மட்டக்களப்பு வரை பஸ்ஸில் உட்கார்ந்த இடத்தை விட்டு எழும்பாமலே போகலாம். அந்த வீதியில் போகும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும். இருந்தும் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் பலர் கொழும்பு பார்த்திருக்கிறார்கள், வெருகல் முருகனைப் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற அடியார்கள் தங்கிப் போகும் கோயில் அது. தம்பலகாமத்து ஆதிகோணேஸ்வரம், திரியாய் மலை, கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்று எல்லாமே காலையில் போய்ப் பின்னேரம் திரும்பக்கூடிய இடங்கள். இதற்கெல்லாம் பெரிய செலவும் இல்லை, விடுதியும் தேவையில்லை.

சரி, யாரோடு? இதில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. வருடத்தில் ஒரு பயணமாவது, தனியாகப் போக முடியாத ஒருவருக்காக இருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் அம்மம்மா, சமையலறையை விட்டு வெளியே வராத மாமி, இப்படி யாராவது ஒருவர். அவர் எங்கே போக ஆசைப்படுகிறார் என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் ஒரு கோயில், அல்லது கலியாணம் செய்து கொடுத்த பிறகு பார்க்காத ஒரு சகோதரியின் வீடாக இருக்கும். அவருடைய கால் வலிக்கும் நடைக்கும் ஏற்றபடி திட்டம் போடுங்கள். கோணேசர் கோயிலுக்கு என்றால் வெயில் ஏறும் முன் போங்கள், கோட்டை வாசலில் இருந்து மேலே வரை நடக்க விடாமல் ஓட்டோவிலேயே கூட்டிப் போங்கள். கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களைப் பார்க்க ஓட்டோவை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள்.

காசு விஷயத்தில் நாங்கள் செய்வது சீட்டு. சொந்தக்காரர், அயலவர் சேர்ந்து மாதாமாதம் போடுவோம். யாருக்கு எந்த மாதம் பயணமோ அந்த மாதச் சீட்டை அவர் எடுப்பார். பயணத்துக்கென்று தனியாகச் சேர்த்து வைத்தால் நடுவில் பள்ளிக்கூடச் செலவு, மருந்துச் செலவு என்று ஏதாவது வந்து அதைத் தின்றுவிடும். சீட்டில் போட்டால் அது கைக்கு வரும்போதே பயணத்துக்கென்று வரும்.

நாள் குறிக்க அடுத்த வருடக் கலண்டர் வந்ததும் போயாவைப் பாருங்கள். வெள்ளி அல்லது திங்களில் விழும் போயா உங்களுக்கு மூன்று நாள் தரும். எல்லாரும் அதையே பார்ப்பார்கள் என்பதால் ரயில் இருக்கையை முன்கூட்டியே எடுக்க வேண்டும். முன்பதிவு 30 நாட்களுக்கு முன் திறக்கும். சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிய நாட்களுக்குத் திறந்த அன்றைக்கே முயற்சி செய்யுங்கள், இல்லாவிட்டால் கொழும்பில் இருந்து இங்கே வரை நின்றுகொண்டுதான் வர வேண்டும்.

உங்கள் ஊர் எது, எந்த மாதம் லீவு கிடைக்கும் என்று நீங்கள் எழுதவில்லை. அதைச் சொன்னால், கிழக்குப் பக்கம் வருவதாக இருந்தால் எந்தக் கிழமை, எந்த வழி நல்லது என்று விவரமாக எழுதுகிறேன்.