தூளின் நிறத்தைப் பாருங்கள்

வீட்டு வேலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, எங்கள் வீடு திருநகரில். கீழ்த்தளம் 1974-ல் மாமனார் கட்டியது, செங்கல் சுவர். மாடியில் போன வருடம் ஹாலோ பிளாக்கில் இரண்டு ரூம் எடுத்தோம். திரைக் கம்பி, சாமி படம், அடுப்படித் தட்டு ஸ்டாண்டு என்று முப்பது ஓட்டையாவது போட வேண்டும். வீட்டுக்காரர் ரோட்டரி ஹேமர்தான் வாங்கணும் என்கிறார். என் தம்பி சாதா டிரில்லே போதும் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, திருநகர்

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீங்க தங்கச்சி, சுவரைக் கேளுங்கள். ஒரு சின்ன ஓட்டை போட்டு, கொட்டுகிற தூளைப் பாருங்கள். சிவப்பாக வந்தால் செங்கல். சாம்பல் நிறத்தில், மாவு மாதிரி, போட்ட பாட்டுக்குக் கொஞ்சமாக வந்தால் கான்கிரீட். அதே சாம்பல் தூள் மளமளவென்று கொட்டி, பிட்டு (டிரில்லின் முனையில் மாட்டும் துளைக்கம்பி) திடீரென்று ‘தொபுக்’கென உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக்கின் பொந்து. மதுரை மாசி வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் வெள்ளையாக, பொலபொலவென்று வரும். அது சுண்ணாம்புக் காரை. அங்கே பூச்சே ஒரு அங்குலத்துக்கு மேல் இருக்கும். ராவல் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டைக்குள் செருகும் நைலான் குழல்) பூச்சைத் தாண்டிச் செங்கல்லில் உட்கார வேண்டும். இல்லையென்றால் மாட்டிய படம் பிளக்கோடு கையில் வந்துவிடும்.

தம்பி சொல்லும் சாதா டிரில் வெறுமனே சுற்றும், அவ்வளவுதான். மரத்துக்கும் தகரத்துக்கும் சரி. உங்களுக்கு வேண்டியது 13 எம்.எம். தண்டு வரை பிட்டு பிடிக்கிற, சுற்றிக்கொண்டே தட்டவும் செய்கிற இம்பாக்ட் டிரில். அதற்குள் பல் வெட்டிய இரண்டு வட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உரசி ஓடும். 16 பல், நிமிடத்துக்கு 2,800 சுற்று என்றால் 44,800 தட்டு. எண்ணிக்கையைக் கேட்டு மலைக்க வேண்டாம். ஒவ்வொன்றும் குழந்தை தட்டுகிற தட்டு. நாம் அழுத்தினால்தான் அதற்கும் வேகம் வரும். செங்கல்லுக்கு அதுவே தாராளம்.

வீட்டுக்காரர் கேட்கும் ரோட்டரி ஹேமர் வேறு சாதி. உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று ஒரு சுத்தியலைத் தள்ளும். நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் அடிதான். ஆனால் சின்ன மெஷினிலேயே ஒரு அடிக்கு 2 ஜூல் வரை இருக்கும். ஒரு கிலோ படிக்கல்லை ஒரு சாண் உயரத்திலிருந்து கீழே போட்டுப் பாருங்கள், அதுதான் 2 ஜூல். நாம் அழுத்த வேண்டியதில்லை, பிடித்துக்கொண்டால் போதும். அதில் பிட்டை இறுக்கச் சாவி கிடையாது. எஸ்.டி.எஸ். பிளஸ் என்று 10 எம்.எம். தண்டில் காடி வெட்டிய பிட்டு. செருகினால் ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளும். செருகுமுன் தண்டில் துளி கிரீஸ் தடவ வேண்டும். சாதா உருண்டைத் தண்டுப் பிட்டு அதில் நிற்காது.

செங்கல்லுக்கு இம்பாக்ட் போதும் என்றால் வீட்டுக்காரர் ஏன் ஹேமர் கேட்கிறார்? அவர் திரைக் கம்பிக்கு முயற்சி செய்து தோற்றிருப்பார் என்பது என் ஊகம். ஜன்னலுக்கு மேலே ஏழடி உயரத்தில் ஓடுவது லிண்டல். கான்கிரீட், உள்ளே கம்பி. திரைக் கம்பியின் கிளாம்ப் சரியாக அங்கேதான் வந்து நிற்கும். கீழே சுவரெல்லாம் வெண்ணெயாகப் போன டிரில், ஜன்னலுக்கு மேல் போனதும் கத்தும், புகையும், அரை அங்குலம்கூட இறங்காது. மெஷின் போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு வழி இரண்டு. லிண்டல் பெரும்பாலும் ஆறு அங்குல உயரம்தான். கிளாம்ப்பை அதற்கு மேலே ஏற்றினால் செங்கல் கிடைத்துவிடும், திரையும் கொஞ்சம் நீளமாக விழும், பார்க்க லட்சணமாக இருக்கும். முடியாதென்றால் ஜன்னல் ஓட்டைகளை எல்லாம் ஒரே நாளில் வைத்துக்கொண்டு, ரோட்டரி ஹேமரை வாடகைக்கு எடுங்கள். சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் இடங்களில் விசாரித்தால் கிடைக்கும். முப்பது ஓட்டைக்காகச் சொந்தமாக வாங்குவது, ஒரு நாள் விருந்துக்கு அண்டா வாங்குகிற கதை. ஓட்டை போடும்போது பிட்டு இரும்புக் கம்பியில் முட்டி நின்றால் மல்லுக்கட்டாமல் ஒரு அங்குலம் தள்ளிப் போடுங்கள்.

மாடி ஹாலோ பிளாக்குக்கு எதிர் வைத்தியம். அங்கே இம்பாக்ட் டிரில்லில் தட்டலை நிறுத்தும் ஹேமர் சுவிட்சை அணைத்துவிட்டு வெறும் சுற்றில் மட்டும் போடுங்கள். இந்தப் பாடத்துக்கு நான் காசு கொடுத்திருக்கிறேன். ஒரு வீட்டில் டி.வி. ஸ்டாண்டுக்காக அவசரத்தில் ஹேமரோடு விட்டேன். 8 எம்.எம். ஓட்டை கேட்ட இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பிளாக்கின் முகமே பெயர்ந்து பொந்துக்குள் விழுந்தது. கூலி வாங்காமல் கொத்தனாரைக் கூட்டிப்போய்ப் பூசிக்கொடுத்தேன். அந்தச் சுவருக்குச் சாதா பிளக்கும் சரிவராது. உள்ளே போய் விரிந்து பின்பக்கம் பிடிக்கிற மாதிரி வருகிறது, ஹாலோ பிளாக்குக்கு என்றே கேட்டு வாங்குங்கள்.

பிட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். கறுப்புப் பிட்டு இரும்புக்கானது, சுவரில் விட்டால் ஒரே நிமிடத்தில் மழுங்கிவிடும். சுவர்ப் பிட்டின் நுனியில் கார்பைடு துண்டு தனியாகப் பற்றவைத்திருப்பது கண்ணுக்கே தெரியும். 6, 8, 10 எம்.எம். மூன்றும் போதும். 8 நம்பர் பிளக்குக்கு 8 எம்.எம். பிட்டு, பிளக்கைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதல் ஆழம். ஆழம் தெரிய பிட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். ஓட்டைக்குக் கீழே காலண்டர் தாளை மடித்து ஒட்டினால் தூள் அதிலேயே விழும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் டிரில்லும் இல்லை, நைலான் பிளக்கும் இல்லை. உளியால் கொத்தி, தேக்குக் கட்டையை ஆப்பாகச் சீவி, சிமென்ட் வைத்து இறுக்கி, மறுநாள் போய் ஸ்க்ரூ முடுக்குவோம். ஒரு ஃபேன் ரெகுலேட்டருக்கு இரண்டு நாள்!

சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் கீழேயும் கை வைக்காதீர்கள், பைப்புக்குள் ஒயர் ஓடும். பாத்ரூம் சுவரின் மறுபக்கமும் அப்படித்தான், தண்ணீர்க் குழாய். அந்த ரூமின் எம்.சி.பி.யை (மெயின் பெட்டியில் இருக்கும் ட்ரிப் சுவிட்சை) அணைத்துவிட்டு அடுத்த ரூமிலிருந்து கரண்ட் இழுத்து வேலை செய்யுங்கள். கண்ணாடி, முகக்கவசம் அவசியம். அந்தச் சாம்பல் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முந்தானையை இடுப்பில் செருகி, சடையைக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். (வீட்டுக்காரர் போடுவதாக இருந்தால் தோள் துண்டைக் கழற்றச் சொல்லுங்கள்.)

கேள்வி: அடுப்படி கிரானைட் மேடையில் குழாய்க்கு 35 எம்.எம். ஓட்டை வேண்டும். இம்பாக்ட் டிரில்லில் போடலாமா?
- வாசகர், மேலூர்

பதில்: கிரானைட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்களே! தட்டினால் மேடை விரிசல் விட்டுவிடும். வைரத்தூள் பதித்த வட்டப் பிட்டு, ஹேமர் ஆஃப், மெதுவான சுற்று. ஒரு ஆள் பாட்டிலில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கட்டும், மெஷின் மேல் படாமல். ஓட்டை முடியப்போகும் நேரத்தில் அழுத்தத்தைக் குறைத்துவிடுங்கள், அடியில் சில்லு பெயராது.

கேள்வி: ஹாலில் ஊஞ்சல் போட ஆசை. தளத்தில் 12 எம்.எம். ஓட்டை போட்டு பிளக் வைத்துக் கொக்கி மாட்டினால் தாங்குமா?
- வாசகர், வில்லாபுரம்

பதில்: தாங்காது. சுவரில் படம் பிளக்கைக் குறுக்கே இழுக்கிறது. தளத்தில் ஊஞ்சல் நேராகக் கீழே உருவுகிறது, ஆடும்போது அந்த இழுப்பு இன்னும் கூடும். ஊஞ்சல் கொக்கியைத் தளம் போடும்போதே கம்பியோடு கட்டிக் கான்கிரீட்டில் புதைத்திருக்க வேண்டும். கட்டி முடிந்த வீடு என்றால் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுத் தளத்தைக் காட்டி, அவர் சொல்கிற ஆங்கர் போல்ட் போடுங்கள். அதற்குச் செலவாகும் என்று தோன்றினால், தரையில் நிற்கிற இரும்பு ஸ்டாண்டு ஊஞ்சலே வாங்கிவிடுங்கள்.