திரை விலகும் முன்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு இரண்டரை வயது. காலையில் கண் விழித்ததும் அவன் தேடுவது ஒரு கார்ட்டூன் நாய்க்குட்டியைத்தான். அதன் பெயரைச் சொன்னால்தான் சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம். ஜூன் பள்ளி விடுமுறையில் அது மேடைக்கு வருகிறது என்று விளம்பரம் பார்த்து, 200 வெள்ளிக்கு மேல் கொடுத்து டிக்கெட் வாங்கினோம். விளக்கு அணைந்தது, பாட்டு அதிர்ந்தது, நாய்க்குட்டி வந்து கையசைத்தது. என் மகன் வீறிட்டு அழுதான். “உள்ளே ஓர் அண்ணன்தான் இருக்கிறார்” என்று காதில் சொன்னேன். இன்னும் பலமாகக் கத்தினான். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். மற்றப் பிள்ளைகள் எழுந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அத்தை, “அந்தக் காசுக்கு ஒரு கிராம் தங்கமாவது வாங்கியிருக்கலாம்” என்றார். என் பிள்ளையிடம் ஏதேனும் குறையா? டிசம்பரில் இன்னொரு நிகழ்ச்சி வருகிறது. அழைத்துப் போகலாமா?

ஒரு தாய், பொங்கோல், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரி,

உங்கள் பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை. கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான் தவித்துக்கொண்டிருக்கிறது என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அவன் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். அவனுக்குத் தெரிந்த நாய்க்குட்டி உள்ளங்கை அளவுதான். விரல் பட்டால் வரும், விரல் பட்டால் போய்விடும். மேடைக்கு வந்ததோ அவன் அப்பாவைவிட உயரமானது. அதன் கண் இமைப்பதில்லை. வாய் அசையாமலே பேசுகிறது, குரலோ நாலா பக்கமும் இருக்கும் ஒலிபெருக்கிகளிலிருந்து வருகிறது. நன்றாகத் தெரிந்த முகம் தெரியாத உடம்போடு இருட்டில் வந்து நின்றால் யாருக்குத்தான் நெஞ்சு படபடக்காது?

“உள்ளே ஓர் அண்ணன்” என்று நீங்கள் சொன்னது ஏன் எடுபடவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. ரீட்டா டெவ்ரீஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1969இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மூன்று முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கு மேனார்ட் என்ற சாதுவான பூனையைக் காட்டினார். பிறகு அதன் முன்பக்கத்தை மறைத்து, முகத்தில் நாய் முகமூடியை மாட்டினார். வால் பக்கம் முழு நேரமும் பிள்ளைகளின் கண்முன்னேதான் இருந்தது. அப்படியிருந்தும் மூன்று வயதுப் பிள்ளைகள் பலர் அது நாயாகவே மாறிவிட்டதாக எண்ணினார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது பூனைதான் என்பதில் குழப்பமில்லை. வேடம் வேறு, ஆள் வேறு என்ற அறிவு அந்த இடைவெளியில்தான் மெல்ல முளைக்கிறது. உங்கள் மகனுக்கு இன்னும் மூன்று வயதே ஆகவில்லை. நாய்க்குட்டியின் வயிற்றுக்குள் ஓர் அண்ணன் இருக்கிறார் என்பது அவனுக்கு எப்படி ஆறுதலாகும்?

நான் பிறந்தது திருவண்ணாமலைப் பக்கம். எங்கள் ஊர்த் தெருக்கூத்தில் பெரிய வேடம் எதுவும் திடுமென்று வந்து குதிக்காது. இரண்டு பேர் ஒரு துணித் திரையைப் பிடித்து நிற்பார்கள். முதலில் சலங்கை ஒலி மட்டும் கேட்கும். பிறகு திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும். கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் இந்தப் பக்கம் நின்று, யார் நீங்கள், எங்கே வந்தீர்கள் என்று நமக்காகக் கேட்பான். வேடம் உள்ளிருந்தபடியே பாடிப் பதில் சொல்லும். திரை விலகி அரக்கனே வந்து நின்றாலும் அதற்குள் அவன் நமக்குப் பழகியிருப்பான். பாட்டியின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்து, ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டு நான் பார்த்த அரக்கர்கள் இன்றும் நினைவில் நிற்கிறார்கள்.

இன்றைய மேடைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஆகவே அந்தத் திரையை நீங்கள்தான் பிடிக்க வேண்டும்.

என் பேத்திக்கு இரண்டு வயதாக இருந்தபோது, சீனப் புத்தாண்டுக்கு எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சிங்க நடனம் நடந்தது. முரசு முழங்கியதும் என் சட்டைக் காலரை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் திருப்பினாள். சிங்கம் இமையைத் தட்டியது. இவளும் இமைத்தாள். ஒரு கை காலரை விட்டது. ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர் சிங்கத் தலையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். அந்தத் தலையையும் அவர் முகத்தையும் மாறி மாறி நெடுநேரம் பார்த்தாள். மறுநாள் வீட்டில் தலையணை உறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினாள். அவளை அன்று முன்வரிசைக்கு இழுத்துப் போய், “பயப்படாதே, தொட்டுப் பார்” என்று கையைப் பிடித்து நீட்டியிருந்தால் அந்த ஆட்டம் எனக்குக் கிடைத்திருக்காது.

ஆடிய மற்றப் பிள்ளைகளை எண்ணி வருந்த வேண்டாம். அவர்களில் பலருக்கு நான்கு, ஐந்து வயது இருந்திருக்கும். அந்த வயதில் இரண்டு ஆண்டு என்பது பெரிய தூரம். தவிர, இந்தக் கார்ட்டூன்களின் அளவையும் பாருங்கள். ‘பெப்பா பிக்’ ஒரு கதைக்கு ஐந்து நிமிடம், ‘புளூயி’ ஏழு நிமிடம். அந்த அளவுக்குப் பழகிய பிள்ளையை ஒரு மணி நேரம் இருட்டில் உட்காரச் சொல்கிறோம்.

டிசம்பர் டிக்கெட்டை அவசரப்பட்டு வாங்காதீர்கள். முதலில் எஸ்பிளனேடு கலை அரங்குக்குப் போங்கள். அங்கே அக்டோபரில் குழந்தைகளுக்கான ‘அக்டோபர்ஸ்ட்’ விழாவும், நவம்பரில் ‘கலா உத்சவம்’ இந்தியக் கலை விழாவும் நடக்கும். கட்டணம் இல்லாத நிகழ்ச்சிகளும் இருக்கும். திறந்த இடத்தில், பின்னால் நின்று பார்த்துவிட்டு அவன் போதும் என்றதும் கிளம்பிவிடலாம். பெரிய அரங்குக்குப் போவதானால் நடைபாதை ஓரத்தில், கதவுக்குப் பக்கத்தில் இடம் கேளுங்கள். முன்வரிசை வேண்டாம். காதுக்கு ஒலித்தடுப்பான் வாங்கி, அதை வீட்டிலேயே சில நாள் மாட்டிப் பழக்குங்கள். ஒலியைக் குறைத்து, விளக்கை முழுதும் அணைக்காமல் நடத்தும் காட்சிகளும் உண்டு, விசாரியுங்கள். வேடத்தோடு படம் எடுக்கும் வரிசையில் மட்டும் அவனாகக் கேட்டாலொழிய நிற்க வேண்டாம்.

காசு வீணாயிற்று என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவன் அழுததும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தீர்கள். அதட்டவில்லை, வாயைப் பொத்தவில்லை. பயந்தால் அம்மா தன்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்பதை அவன் அன்று கண்டுகொண்டான்.

உங்கள் அத்தை மீதும் எனக்குக் கோபம் இல்லை. கடிதத்தைப் படித்தால் அவர் அன்று உங்களுடன் வரவில்லை என்று தோன்றுகிறது. அடுத்த முறை அவருக்கும் ஒரு டிக்கெட் எடுங்கள். பிள்ளை அவர் மடியில் உட்காரட்டும். புடவை கட்டுபவர் என்றால் இன்னும் நல்லது, ஒளிந்துகொள்ள முந்தானை இருக்கும்.