பழைய வார்ப்பிரும்புக் கழிவுநீர்க் குழாயின் நடுவே பிவிசி குழாயைப் பொருத்தலாமா?

மாடிக் குடியிருப்பில் விரிசல் விட்ட வார்ப்பிரும்புக் கழிவுநீர்க் குழாயின் ஒரு பகுதியை மட்டும் வெட்டிவிட்டு பிவிசி குழாய் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வைக்கலாம்.

முதலில் குழாயைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்கும் இடம் பெரும்பாலும் நல்ல இரும்பு, மந்தமாக ஒலித்தால் அங்கே வெட்டாமல் இன்னும் தள்ளிப் போக வேண்டும். வார்ப்பிரும்பு மிகவும் கனமானது என்பதால், வெட்டும் இடத்துக்கு மேலுள்ள குழாயைச் சுவரோடு கிளாம்பு போட்டு இறுக்கிய பிறகே இரும்பு வெட்டும் கிரைண்டரை எடுங்கள். இல்லையேல் மேற்குழாய் சரிந்து, ஈயம் காய்ச்சி ஊற்றிய பழைய மூட்டுகளையும் பெயர்த்துவிடும். இதில் அவசரமே கூடாது.

பிவிசி பசை இரும்பில் பிடிக்காது. சிமென்ட் பூசி மூடுவதும் நிலைக்காது, ஏனெனில் 3 மீட்டர் பிவிசி குழாய் 20 டிகிரி வெப்பம் கூடினாலே ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளும். இரும்போ அதில் ஐந்தில் ஒரு பங்குதான் நீளும். ஆகவே இரு முனைகளிலும் எஃகுப் பட்டையுள்ள ரப்பர் கப்ளிங்கை (இரு குழாய்களை இணைக்கும் உறை) பொருத்துங்கள். 4 அங்குல வார்ப்பிரும்பின் வெளிவிட்டம் பெரும்பாலும் 110 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். துருவைச் சுரண்டி நீக்கியபின் அளந்து வாங்குங்கள்.